மேற்கே மலை

ஜூன் 2, செவ்வாய்

விடியும்போதே சாரல். கூடவே வெயில். கொடியில் கிடக்கும் நீலச் சட்டை மூன்றாம் நாளாக ஈரம். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார்.

செய்ய வேண்டியவை:
– சைக்கிள் செயினுக்கு எண்ணெய்
– பின் சக்கரத்துக்குக் காற்று
– மகள் ரேவதி அனுப்பிய வாட்சை எப்படி இயக்குவது என்று முத்துவிடம் கேட்க
– மாம்பழம் கிடையாது. வீட்டில் நான்கு இருக்கிறது. வீட்டுக்காரி கோமதி சாப்பிடட்டும்.

வாட்சைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் நாடித்துடிப்பு, தூரம், எரிந்த கலோரி எல்லாம் பெங்களூரில் இருக்கும் மகளின் போனுக்கு உடனுக்குடன் போய்விடுமாம். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு மேலதிகாரி. பெற்று வளர்த்ததற்குப் பலன்.

ஏப்ரலில் கண் டாக்டர் சொன்னதை இதுவரை இதில் எழுதவில்லை. எழுதினால் உறுதியாகிவிடும் என்று பயம். இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவனுக்கு வேறு எப்படிப் பயம் வரும். இன்று எழுதிவிடுகிறேன். சர்க்கரையால் இரண்டு கண்ணிலும் உள்ளே ரத்தக்குழாய் கெட்டிருக்கிறது. இடதுகண்ணுக்கு லேசர் வைத்தாயிற்று. அதில் பாதிப் பார்வைதான். மிச்சம் இருப்பது வலது. மூன்று மாதத்தில் சர்க்கரையை இறக்கினால் அதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். பாரம் தூக்கக் கூடாது, மூச்சுப் பிடித்து முக்கக் கூடாது. சைக்கிள் ஓட்டலாம்.

சர்க்கரை டாக்டர் சொன்னது: தினமும் ஒரு மணி நேரம். துடிப்பு நூற்று இருபதுக்குக் குறையாமல். சும்மா உருட்டிக்கொண்டு போனால் பிரயோஜனம் இல்லை.

ஜூன் 3, புதன்

முதல் நாள். 5.50க்குக் கிளம்பினோம். நானும் முத்துவும். குத்துக்கல்வலசையில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், நாற்பது வயது, வயிறு என்ற ஒன்றே கிடையாது. அவன் தினமும் போவது இலஞ்சி, செங்கோட்டை, புளியறை செக்போஸ்ட் வரை. தொட்டுவிட்டுத் திரும்புவான். நான் செங்கோட்டை வரை போய்த் திரும்பினேன்.

வழியில் பார்த்தவை: முன் சக்கரம். முத்துவின் முதுகு. வாட்ச். 124. 131. 128.

மலை எங்கேயோ இருந்திருக்கும்.

"தலையத் தூக்காதிய அண்ணாச்சி. காத்து பிடிக்கும். ரோட்டப் பாத்து மிதிங்க."

சர்க்கரை போடாத காப்பியைக் குடிக்கும்போதுதான் உறைத்தது. கண்ணைக் காப்பாற்ற ஓட்டுகிறேன். ஓட்டுகிற நேரத்தில் கண்ணால் ஒன்றும் பார்க்கவில்லை.

ஜூன் 6, சனி

சட்டை காய்ந்துவிட்டது. போட்டுக்கொண்டு போய் நனைத்துவிட்டு வந்தேன்.

இலஞ்சி தாண்டி ரோட்டோரம் ஒரு சின்னப் பாலம். அடியில் வாய்க்கால். கைப்பிடிச் சுவர் சரியாக உட்காருகிற உயரம். மூச்சு வாங்கியதால் நிறுத்தினேன். நிமிர்ந்தால் எதிரே மொத்த மலையும். மேகம் பாதி வரை இறங்கி இருந்தது. தெற்கே தள்ளி, மேகத்துக்குக் கீழே, பாறையில் வெள்ளையாக ஒரு கோடு. அருவி. எங்கள் ஊர்க்காரர்கள் குற்றாலத்துக்குப் போகவே மாட்டார்கள், ரோட்டில் நின்று அந்தக் கோட்டைப் பார்த்தே தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். தடித்திருந்தால் குளிக்க விடமாட்டார்கள். நூலாக இருந்தால் வரிசையில் நிற்க வேண்டும். இன்று நடுத்தரம்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்தேனோ. போன் அடித்தது. ரேவதி.

"அப்பா, துடிப்பு எம்பத்தஞ்சுக்கு வந்துட்டு. கீழ விழுந்துட்டியளா?"

"இல்லம்மா. மலை பாக்கேன்."

"மலை எங்கயும் போயிராதுப்பா. மிதிங்க."

மலை எங்கும் போகாது, வாஸ்தவம்தான்.

ஜூன் 13, சனி

வாட்ச் பட்டைக்கு அடியில் வேர்க்குரு மாதிரித் தடிப்பு. பாலத்தில் இறங்கிக் கழற்றி, வாய்க்காலில் கையைக் கழுவினேன். கழற்றினால் பிள்ளை போன் போடுமே என்று சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

முத்து: "குடுங்க அண்ணாச்சி, நான் கட்டிக்கிடுதேன். கை எரிச்சல் அடங்குத வரைக்கும் உக்காந்திருங்க."

இரண்டு கையிலும் இரண்டு வாட்ச். போய்விட்டான். நான் ஒரு மணி நேரத்துக்கும் மேலே சுவரில் உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது புளியறையில் சுடச்சுட உளுந்தவடை வாங்கி வந்தான். இரண்டு சாப்பிட்டேன்.

சாயங்காலம் ரேவதி. குரலே வேறு. "அப்பா! முப்பது கிலோமீட்டர்! நூத்தி முப்பத்தாறுல இருந்து இறங்கவே இல்ல! ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன்." அழுகிற மாதிரிச் சிரித்தாள். கோமதி போனை வாங்கி அவளும் சிரித்தாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "ஆமாம்மா, இன்னைக்குக் காத்து இல்ல" என்று வந்தது.

ஜூன் 14, ஞாயிறு

ஆபீஸ் லீவு. சும்மா இருக்க முடியாமல் ஒரு நகல் எழுதிப் பார்த்தேன்.

பொது அதிகாரப் பத்திரம். எழுதிக் கொடுப்பவர் நான். எழுதி வாங்குபவர் முத்து. எனக்கு வயதாகிவிட்டபடியாலும், மலையைப் பார்க்கும் அவசரம் இருக்கிறபடியாலும், இலஞ்சிப் பாலம் தொட்டுப் புளியறை செக்போஸ்ட் வரை சென்று மீள என் சார்பில் மிதிக்கவும், வியர்க்கவும், மூச்சு வாங்கவும் தங்களுக்கு அதிகாரம் அளிக்கிறேன். மேற்படி காரியங்கள் யாவும் நானே நேரில் செய்ததாகக் கொள்ளப்படும்.

முத்துவிடம் வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சாட்சிக் கையெழுத்து யாரு அண்ணாச்சி?"

நாளையிலிருந்து அப்படியே என்று முடிவு. இலஞ்சிப் பாலம் வரை நான். அங்கே வாட்ச் கை மாறும்.

ஜூன் 27, சனி

இன்று பார்த்தவை:
– நாற்றங்காலில் கொக்கு ஏழு. ஒன்று நொண்டி.
– நாற்றுப் பச்சை வேறு. வாய்க்கால் சேம்பிலைப் பச்சை வேறு. மலையில் மட்டும் மூன்று: அடியில் கருகல், நடுவில் புல் மஞ்சளித்து, மேலே பச்சையா நீலமா என்று சொல்ல முடியாமல்.
– கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரி. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை விரித்துச் சாரலைப் பிடித்துக்கொண்டே போனார்.
– 6.40க்கு மேகம் விலகி ஐந்தே நிமிஷம் உச்சி. பிறகு மூடிவிட்டது.
– அருவிக் கோடு தடிமன். குளிக்க விட்டிருக்க மாட்டார்கள்.

வடை இரண்டு. சட்னியும்.

இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்துகொண்டு இதையெல்லாம் பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தேன்? பிறத்தியார் நிலத்துக்கு எல்லை எழுதிக்கொண்டிருந்தேன். பார்வை போகப்போகிறது என்று ஒருத்தர் சொல்ல வேண்டியிருக்கிறது, பார்ப்பதற்கு. தினமும் ஒரு மணி நேரம் மனதில் நிரப்பி வைத்துக்கொண்டால் பிற்பாடு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம். ஊறுகாய் போடுகிற மாதிரி.

தப்பு என்று தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 9, வியாழன்

நாள் முழுக்க அடைமழை. கரண்ட் இரண்டு தடவை போனது.

மேலகரத்துப் பார்ட்டி ஒருவர், எட்டு சென்ட் மனை. பத்திரம் முடித்து வாசிக்கக் கொடுத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மலை வரைக்கும் எனக்கா?"

மேற்கு எல்லையில் பக்கத்து மனைக்காரர் பெயர் வர வேண்டிய இடத்தில் "மலை" என்று அடித்திருக்கிறேன். வடக்கே பொதுப்பாதை, கிழக்கே இன்னார் மனை, தெற்கே ஓடை, மேற்கே மலை. எல்லோரும் சிரித்தார்கள். நானும். வனத்துறையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எல்லோரும் போனபிறகு அந்தத் தாளைத் திரும்ப வாசித்தேன். சர்வே எண்ணும் தப்பு. ஒரு 3 வர வேண்டிய இடத்தில் 8. அதை யாரும் பார்க்கவில்லை. அது மலை நினைப்பில் வந்த தப்பு இல்லை. கண்.

ஜூலை 26, ஞாயிறு

சீசன் கூட்டம். விடியற்காலையிலேயே ரோடு முழுக்க வேன். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஆட்கள்.

பாலத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோடு இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். இரண்டு. இடதுகண்ணை மூடினேன். ஒன்று, ஆனால் ஓரம் பிசிறு. சாரலாக இருக்கலாம்.

முத்து வந்து வாட்சைக் கழற்றிக் கொடுத்தான். "இன்னைக்கு உங்க பேருல நூத்தி நாப்பத்தொண்ணு வரைக்கும் போச்சு."

நாளையிலிருந்து நானே ஓட்டப் போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். சரி என்றான்.

ஜூலை 27, திங்கள்

செங்கோட்டை வரை நானே. 127, 133. ஒன்றும் பார்க்கவில்லை. திரும்பும்போது பாலத்தில் நிற்காமல் வந்தேன். அந்த இடத்தைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒருத்தியைப் பார்க்கப் போகிறவன் கூட இப்படிப் பதுங்க மாட்டான்.

ஜூலை 28, செவ்வாய்

பாலம். வடை ஒன்று மட்டும்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

மூன்று மாதச் சர்க்கரை ரிசல்ட். போன தடவை 9.6. இப்போது 10.4.

கோமதி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லேப்ல மாத்திக் குடுத்திருப்பாவளோ?"

தேங்காய் வாங்கி வரச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, சனி

சர்க்கரை டாக்டர். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணும் இல்லட்டி, சும்மா பாக்க வந்தேன், அவியளுக்குத்தான் சர்க்கரை கூடுதல்."

உள்ளே போனதும் கோமதி போனை நீட்டினாள். மூன்று மாத ரிக்கார்டு, ரேவதி வரிசையாக எடுத்து அனுப்பியது. "ஒரு நாள் விடாம போறாவ டாக்டர். மழையில கூட." குரலில் அப்படி ஒரு பெருமை. கல்யாணமான புதிதில்கூட என்னைப் பற்றி யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

டாக்டர் நிதானமாகப் பார்த்தார். தூரம், துடிப்பு, எல்லாம். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு மிதிச்சும் ஏறியிருக்குன்னா, மாத்திரை, உடற்பயிற்சி ரெண்டுக்கும் உங்க உடம்பு கேக்கலைன்னு அர்த்தம். உங்க மேல தப்பு இல்ல. இனி இன்சுலின்தான். காலையும் ராத்திரியும்."

உங்க மேல தப்பு இல்ல.

அப்போதும் சொல்லவில்லை. கோமதி இருந்தாள். அவள் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 24, திங்கள்

முதல் ஊசி. கோமதிதான் போட்டாள். வயிற்றில் மடிப்பைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கா?" என்றாள். இல்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டு ஓட்டியும் உங்களுக்கு இப்படி ஆகணுமா" என்று சொல்லி, ஊசியைக் குப்பையில் போடப் போனவள் அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

நான் மனுஷனே இல்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

முத்துவிடம் சொல்லாமல் தனியாகக் கிளம்பினேன். வாட்ச் என் கையில். செங்கோட்டைப் பக்கம் போகவில்லை, பாலம் வரும். குற்றாலம் போய் ஐந்தருவி ரோட்டில் ஏறினேன். மூன்று மாதத்தை ஒரே நாளில் கட்டிவிடுவது என்று ஒரு வெறி. கியரைக் குறைக்கவில்லை. 148. 155. எழுந்து நின்று மிதித்தேன். பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து. 161. மேலே இருந்து இறங்கி வந்த ஒருத்தர், "மெதுவா போங்க அண்ணாச்சி, அருவி அங்கனதான் இருக்கும்" என்றார்.

வலதுகண்ணில் ஒரு நூல் இறங்கியது. கறுப்பு. பூச்சி என்று கையால் தட்டினேன். பிறகு இன்னொன்று. பிறகு டம்ளர் தண்ணீரில் மை விட்ட மாதிரி மெதுவாகச் சுருண்டு பரவி, ரோடு, மரம், கடை எல்லாம் செம்புகைக்குள்.

இறங்கிச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அருவிச் சத்தம் கேட்டது.

ரேவதி போன். "அப்பா, நூத்தி அறுபத்தொண்ணா! சூப்பர்ப்பா! ஆனா போதும், இறங்குங்க."

முத்துவுக்குத்தான் போன் போட்டேன், ஆட்டோவோடு வந்து கூட்டிப் போனான்.

செப்டம்பர் 1, செவ்வாய்

திருநெல்வேலி, கண் டாக்டர். எழுதுவது இடதுகண்ணை வைத்து. வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன.

உள்ளே ரத்தம் கசிந்து நிறைந்திருக்கிறது. தானாக வந்தாலும் வந்திருக்கும், ஏற்றத்தில் முக்கியதால் வந்தாலும் வந்திருக்கும். இரண்டு மாதம் பார்க்கலாம். வடியாவிட்டால் ஆபரேஷன். வடிந்தாலும் பழைய பார்வை என்று எதிர்பார்க்க வேண்டாம். இடதும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

கோமதி போனை நீட்டப் போனாள், மூன்று மாத ரிக்கார்டை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 2, புதன்

சொல்லிவிட்டேன். பிற்பகல், அவள் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது. பாலம், முத்து, வாட்ச், வடை வரை. எல்லாம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் இனி ஒன்றுதான்.

திட்டுவாள் என்று இருந்தேன். பூண்டை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"மூணு மாசமும் அங்கன உக்காந்து என்னத்தப் பாத்திய?"

"மலையத்தான்."

"தெனமுமா?"

"ஆமா."

இன்னொரு பூண்டை எடுத்தாள். பிறகு, "எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேம்லா" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். அவளுக்கு மலை பார்க்கப் பிடிக்குமா என்று நான் கேட்டதில்லை.

ரேவதியிடம் அவளே சொன்னாள், உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு. ரேவதி என்னிடம் இன்னும் பேசவில்லை.

செப்டம்பர் 4, வெள்ளி

ஆபீஸ் மேஜையைக் காலி செய்தேன். ரப்பர் ஸ்டாம்பு, ஸ்கேல், பழைய நகல் கட்டு. பக்கத்து மேஜைக்காரர் நல்ல மாதிரி, எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். அதிகாரப் பத்திர நகல் அதில் இருந்திருக்கும். தேடக் கண் தெரியவில்லை.

வாட்ச் மேஜை டிராயரில். அவ்வப்போது கிர்ர் என்கிறது. எழுந்து நடக்கச் சொல்கிறதாம்.

செப்டம்பர் 6, ஞாயிறு

ஸ்கெட்ச் பேனா. பக்கத்துக்கு ஏழு வரி.

முத்து ஒரு வாரமாக முகத்தைக் காட்டவில்லை. இன்று வந்தான். "எல்லாம் என்னாலதான் அண்ணாச்சி" என்று வாசலிலேயே ஆரம்பித்தான். போதும்டே, பாலத்துக்குக் கூட்டிப் போ என்றேன். கோமதியைக் கூப்பிட்டேன். "இப்ப வந்து?" என்றாள். வரவில்லை.

அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். சுவரைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தேன். ஈரம். முகத்தில் சாரல். எதிரே பழுப்பு, மேலே கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். நிரப்பி வைத்ததை எடுக்கப் பார்த்தேன். கொக்கு வந்தது. ஏழா, ஆறா? மலை வரவில்லை. மலை என்ற வார்த்தைதான் வந்தது.

"முத்து, என்ன தெரியுது, சொல்லு."

"மலை அண்ணாச்சி."

"அது தெரியும்டே. எப்படி இருக்கு?"

ரொம்ப யோசித்தான். "பச்சையா இருக்கு."

"என்ன பச்சை?"

"பச்சைதான் அண்ணாச்சி." அழுகிற குரல். "நான் இங்கன நின்னதே இல்லியே. புளியறைக்கு எத்தன நிமிஷம்னு கேளுங்க, சொல்லுதேன்."

"சரி விடு. அருவி விழுதா, அத மட்டும் பாத்துச் சொல்லு. வெள்ளையா ஒரு கோடு."

"எங்கன பாக்கணும்?"

கையை நீட்டினேன். தினமும் பார்த்த இடம், தூக்கத்தில் கேட்டாலும் காட்டுவேன் என்று நினைத்திருந்தேன்.

"அங்கன ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி."

தண்ணீர் நின்றுவிட்டதா, என் கை இடம் தப்பிவிட்டதா, அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.